கடற்கொள்ளையருக்குப் பணம் கொடுத்து ஆட்களை மீட்பது சரியா? (வீட்டில் நடந்த சண்டையின் தொடர்ச்சி)

உப்பளத்தான், தூத்துக்குடி

என் அண்ணன் சரக்குக் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். அடுத்த மாதம் ஒரு நிலக்கரிக் கப்பலில் ஏறுகிறான். மொசாம்பிக்கின் மபூட்டோவில் சரக்கேற்றி வளைகுடாவில் இறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மபூட்டோ என்ற பெயரைக் கேட்டதும் நான் சும்மா இருந்திருக்கலாம். 2024 மார்ச்சில் கடத்தப்பட்ட வங்கதேசக் கப்பல் ‘அப்துல்லா’வும் மபூட்டோவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போன கப்பல்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன். அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பெரியப்பா கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாராக் கடன்களோடு வாழ்நாளைக் கழித்த மனிதர். “ஒருமுறை கொடுத்தால் அதுவே விலையாகிவிடும். நீ கொடுத்த பணத்தில் படகு வாங்கி அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடிப்பான். எந்தக் கப்பல்காரனும் ஒரு காசு கொடுக்கக் கூடாது என்று உலகம் முழுக்கச் சட்டம் போட்டால் ஆறு மாதத்தில் அந்தத் தொழில் படுத்துவிடும்” என்றார். “அந்த ஆறு மாதமும் உள்ளே இருப்பது யார் பிள்ளை?” என்று அம்மா கேட்டார். பெரியப்பா பதில் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

ஆனால் அவர் சொன்னது தவறு என்று எனக்கும் சொல்ல வரவில்லை. அண்ணனோ, “அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்று சிரிக்கிறான். இங்கே கப்பலில் வேலை பார்த்தவர்களும் கப்பல் சார்ந்த அலுவலகங்களில் இருந்தவர்களும் எழுதுவதைப் படித்திருக்கிறேன். பணம் கொடுப்பது சரியா? கொடுக்காவிட்டால் உண்மையில் என்ன ஆகும்?

நீலக்கொடி

பெரியப்பா சொல்வதுதான் சரி. ‘அப்துல்லா’ பிடிபட்ட அதே மாதம் நடந்த இன்னொன்றையும் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 14 அன்று ‘ருயென்’ என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் கடத்தினார்கள். மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச் 16 அன்று, நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்து நின்றது. விமானப்படையின் சி-17 விமானத்திலிருந்து நம் கடற்படைக் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள். 17 ஊழியர்களும் காயமின்றி மீண்டார்கள். கொடுத்த பணம் பூஜ்யம். கொள்ளையர் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

‘அப்துல்லா’வுக்கு 50 லட்சம் டாலர் வாங்கியதாகக் கொள்ளையரே செய்தியாளரிடம் சொன்னார்கள். ஒரு மாதத்தில் 23 பேரும் விடுதலை, மகிழ்ச்சி. அந்த 50 லட்சத்தில் எத்தனை படகு, எத்தனை துப்பாக்கி வாங்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? கொடுக்கிறவன் இருக்கும்வரை பிடிக்கிறவன் இருப்பான்.

பழைய போசன்

தம்பி உப்பளத்தான், நான் வேம்பார்க்காரன். முதலில் கொழும்புத் தோணி, பிறகு வெளிநாட்டுக் கப்பல்கள், மொத்தம் முப்பத்துநான்கு ஆண்டு. கடைசிப் பதினோரு ஆண்டு போசன். கயிறு, ஏணி, நங்கூரம், வண்ணப்பூச்சு என்று மேல்தளத்தில் கையால் செய்யும் வேலை எல்லாம் போசன் தலையில். அந்த இடத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும். சட்டம் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

2011இல் ஏடன் வளைகுடாவைக் கடந்தோம். சரக்கு நிறைந்த கப்பல், பதினொன்றரை நாட் (மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர்) வேகம். தளம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பெல்லாம் நான் கவலைப்பட்டதில்லை. அந்தப் பயணத்தில் தினமும் எட்டிப் பார்த்தேன். சரக்கேறிய கப்பல் அமிழ்ந்து நிற்கும், ஓர் ஆள் ஏணி வைத்தால் போதும். முள்கம்பிச் சுருளைக் கப்பலைச் சுற்றிக் கட்டினோம். என் கையுறை நான்கு ஜோடி கிழிந்தது. தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டி இரவெல்லாம் தண்ணீர் பீய்ச்சினோம். ‘பாய்லர் சூட்’ என்கிற பழைய வேலை உடைக்குள் கந்தல் அடைத்து, தலைக்கு ஹெல்மெட் வைத்து, பின்தளத்தில் நான்கு பொம்மைகளை நிறுத்தினேன், காவலுக்கு ஆள் நிற்பதுபோலத் தெரிய வேண்டும் என்று. சோளக்கொல்லைப் பொம்மைதான். ஒரு பொம்மைக்குக் கேடட் பையன் மீசை வரைந்துவிட்டு அது போசன் என்று சொல்லித் திரிந்தான்.

மூன்றாம் நாள் காலை இரண்டு படகுகள் வந்தன. வலை இல்லை. ஒன்றில் நீளமாக ஏதோ சாக்கால் மூடியிருந்தது. கேப்டன் கப்பலை இடமும் வலமுமாகத் திருப்பி அலை எழுப்பினார். அரை மணி நேரம் பக்கத்திலேயே ஓடிவந்துவிட்டு விலகிப் போய்விட்டார்கள். மீன்பிடிப்பவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்தச் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஏணி என்றால் எனக்குத் தெரியும்.

ஏணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் உலக வங்கியும் ஐ.நா. போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகமும் இன்டர்போலும் சேர்ந்து ஓர் அறிக்கை போட்டன. 2005 ஏப்ரல் முதல் 2012 முடிய 179 கப்பல்கள் கடத்தப்பட்டன, அவற்றுக்காக 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை போனது என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். முதலீடு போட்ட முதலாளிக்கு அதில் 30 முதல் 50 விழுக்காடு. படகில் வந்து உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு கப்பலுக்கு 30,000 முதல் 75,000 டாலர். முதலில் ஏறுகிறவனுக்கும், சொந்தத் துப்பாக்கியோ ஏணியோ கொண்டுவருகிறவனுக்கும் 10,000 டாலர் வரை கூடுதல். நான் முப்பத்துநான்கு ஆண்டு ஏணி கட்டினேன், எவனும் எனக்குப் போனஸ் தந்ததில்லை.

இனி உன் பெரியப்பா கேள்விக்கு வருகிறேன். பணத்தை நிறுத்தினால் தொழில் படுக்கும் என்கிறார். அந்தத் தொழில் படுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். சர்வதேசக் கடல்சார் பணியகம் (ஐ.எம்.பி.) என்று பன்னாட்டு வணிக சபையின் கீழ் ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் கணக்கில் சோமாலியர் தாக்குதல் 2011இல் 237, 2012இல் 75, 2013இல் 15. இந்த மூன்று ஆண்டிலும் யாரும் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. பிடிபட்ட கப்பலுக்கெல்லாம் பேரம் நடந்துகொண்டேதான் இருந்தது. பிறகு எப்படிக் குறைந்தது? ஏணி ஏறவில்லை. ஐரோப்பிய, இந்திய, சீனப் போர்க்கப்பல்கள் ஒரு பக்கம். வேகமும் முள்கம்பியும் ஒரு பக்கம். துப்பாக்கியோடு கூலிக் காவலர் நான்கு பேர் ஒரு பக்கம். காவலர் இருந்த கப்பல் ஒன்றைக்கூட அவர்களால் பிடிக்க முடியவில்லை. கதவைச் சாத்த வேண்டிய இடம் கப்பலின் பக்கவாட்டில் இருக்கிறது. ஆள் உள்ளே வந்த பிறகு பேரம் நடக்கும் அறையின் கதவைச் சாத்தினால் உள்ளே மாட்டிக்கொள்வது எங்களைப் போன்றவர்கள்தான்.

என் கூட்டாளி ஒருவன் மாட்டினான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். அவன் பெயரோ கப்பல் பெயரோ வேண்டாம். எட்டு மாதம் சோமாலியாவின் ஹோப்யோ கரைக்கு எதிரே நங்கூரத்தில் கிடந்தார்கள். டீசல் தீரத் தீர ஜெனரேட்டரை நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினார்கள். ஆட்டை உயிரோடு கப்பலில் ஏற்றித் தளத்திலேயே அறுப்பார்கள், தளம் கழுவுவது இவன் வேலை. பிற்பகலில் காத் என்ற போதை இலையை மென்றுவிட்டால் அவர்கள் தூங்க மாட்டார்கள், இவர்களையும் தூங்கவிட மாட்டார்கள். பேரம் இழுத்தால் இவர்கள் கையில் சாட்டிலைட் போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொல்வார்கள். அழுதுகொண்டு பேச வேண்டும். அழாவிட்டால் அழவைப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அவன் மனைவிக்கு அந்த அழைப்பு வரும். அவர் மறுநாள் காலை ஆள் அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனால் பூட்டியிருக்கும். அப்படியே நான்கு மாதம்.

கடைசியில் ஒரு சிறிய விமானம் வந்தது. எல்லாரையும் தளத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். விமானம் தாழப் பறந்து தலைகளை எண்ணியது. எண்ணிக்கை சரியென்றால்தான் பணம் விழும். இரண்டாம் சுற்றில் பாராசூட்டில் ஓர் உருளை இறங்கியது. “ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றோம், அண்ணாச்சி” என்றான். எவ்வளவு விழுந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. வீடு திரும்பிய பிறகு நான் ஒரே ஒரு முறை, அதே கும்பல் அடுத்து எந்தக் கப்பலைப் பிடித்தது என்று தெரியுமா எனக் கேட்டேன். “அதைத் தேடிப் பார்க்காதீர்கள். தேடினாலும் என்னிடம் சொல்லாதீர்கள்” என்றான்.

இப்போது நீலக்கொடி தம்பிக்கு. ‘ருயென்’ மீட்பைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் 2011 பிப்ரவரியில் ‘குவெஸ்ட்’ என்ற பாய்மரப் படகை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து நின்றபோதே உள்ளே இருந்த நான்கு அமெரிக்கர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுற்றி நின்றது அமெரிக்கக் கடற்படை, தம்பி. ‘அப்துல்லா’வின் முதலாளிகள் படை வேண்டாம் என்று சொன்னதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடாதே. அதே குழுமத்தின் ‘ஜஹான் மோனி’ என்ற கப்பல் 2010 டிசம்பரில் பிடிபட்டு நூறு நாள் கழித்து வந்தது. அவர்களுக்கு இது இரண்டாம் முறை.

பாரிமுனைக் கணக்கர்

சென்னையில் கடல்சார் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். போசன் சொன்ன பேர அறையின் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பணம் கொடுப்பது சட்டவிரோதமா என்ற கேள்வி லண்டன் நீதிமன்றத்தில் வந்துபோனது. உலகக் கப்பல் காப்பீட்டின் பெரும்பகுதி ஆங்கிலச் சட்டத்தைத்தான் பின்பற்றுகிறது. 2008 ஆகஸ்டில் ‘பூங்கா மெலாத்தி துவா’ என்ற மலேசியக் கப்பல் பிடிபட்டது. அதில் இருந்த சரக்கின் உரிமையாளர், என் சரக்கு போனது போனதுதான், முழு இழப்பீடு கொடு என்று காப்பீட்டாளர் மேல் வழக்குப் போட்டார். கப்பல் ஆறு வாரத்தில் பணம் கொடுத்து மீட்கப்பட்டிருந்தது. பணம் கொடுப்பதைப் பொதுநலனுக்கு விரோதமானது என்று அறிவிக்க 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. மீட்க வாய்ப்பிருக்கும்போது சரக்கை இழந்ததாகச் சொல்ல முடியாது என்றது. இதே இங்கிலாந்துதான் 1782இல், எதிரி நாடு பிடித்த பிரிட்டிஷ் கப்பலைப் பணம் கொடுத்து மீட்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அது பிறகு நீக்கப்பட்டது. ஆக, உங்கள் பெரியப்பாவின் யோசனை புதிதல்ல.

யார் கொடுக்கிறார்கள் என்பது அடுத்தது. ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற பழைய கடல் மரபு இருக்கிறது. புயலில் கப்பலைக் காக்கச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தைத் தப்பித்த எல்லாரும் பங்குபோட்டுக் கொள்ள வேண்டும். கொள்ளையருக்குக் கொடுக்கும் பணமும் அப்படியே பார்க்கப்படுகிறது. கப்பலின் மதிப்புக்கு இவ்வளவு, சரக்கின் மதிப்புக்கு இவ்வளவு என்று பிரிப்போம். அந்தப் பட்டியலில் மனிதருக்கு மதிப்பு போடுவதில்லை. உயிரை விலை பேசக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம், ஆனால் விளைவு என்னவென்றால் தாளில் ஊழியர்கள் இருக்கவே மாட்டார்கள்.

ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. ‘லாங்சாம்ப்’ என்ற கப்பல், நார்வேயிலிருந்து வியட்நாமுக்கு ரசாயனச் சரக்கு. 2009 ஜனவரி 29 அன்று ஏடன் வளைகுடாவில் பிடிபட்டது. கேட்டது 60 லட்சம் டாலர். 51 நாள் பேரத்துக்குப் பின் 18.5 லட்சத்தில் முடிந்தது. பிறகு சண்டை எதற்குத் தெரியுமா? அந்த 51 நாளும் ஊழியர் சம்பளம், ஆபத்துப் பகுதிப் படி, சாப்பாடு, எரிபொருள் என்று கப்பல்காரருக்கு ஆன சுமார் 1,60,000 டாலரைச் சரக்குக்காரர்களும் பங்குபோட வேண்டுமா என்பதற்கு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2017இல்தான் தீர்ந்தது. போட வேண்டும் என்றார்கள். பேரம் பேசி 41.5 லட்சம் டாலரை மிச்சப்படுத்த ஆன செலவு அது என்பது வாதம். சட்டப்படி எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கேட்டதை உடனே கொடுக்காதே என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். உடனே கொடுத்தால், குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து விலையை ஏற்றுவான், அல்லது அடுத்த கப்பலுக்கு ஏற்றுவான். ஆக, நாங்கள் மெதுவாகத்தான் கொடுத்தோம். அந்த மெதுவில்தான் போசனுடைய கூட்டாளி தளம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு மாதம் என்று படித்ததும் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்ய முடியவில்லை.

திருகோணமலையான்

கப்பல்காரரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

‘ஆல்பிடோ’ என்ற கப்பல் 2010 நவம்பரில் பிடிபட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், இந்தியா, ஈரான், எங்கள் இலங்கை என்று கலந்த ஊழியர்கள். கப்பல்காரரிடமிருந்து பணம் வரவில்லை. பாகிஸ்தானில் பொதுமக்களும் வணிகர்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். 2012இல் பாகிஸ்தானியர் ஏழு பேரும் விடுதலையானார்கள். மற்ற நாட்டவர் அதே கப்பலில் இருந்தார்கள். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட ஏழு பேர் படகில் இறங்கிப் போவதை மற்றவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2013 ஜூலையில் அந்தக் கப்பல் நங்கூரத்திலேயே மூழ்கியது. மிஞ்சிய பதினொரு பேர் 2014 ஜூனில்தான் கரையிலிருந்து தப்பினார்கள். அதில் இரண்டு பேர் இலங்கையர். மூன்றரை ஆண்டுகள்!

‘ஐஸ்பெர்க் 1’ இன்னொன்று. 2010 மார்ச்சில் பிடிபட்டது, 2012 டிசம்பரில் சோமாலியாவின் பண்ட்லாந்துப் பகுதிக் கடற்காவல் படை சண்டையிட்டு மீட்டது. கப்பல்காரர் அவர்களை எப்போதோ கைவிட்டுவிட்டார். அதில் ஒருவர் இடையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பணம் கொடுக்கக் கூடாது என்று வாதிடும் ஐயாமாருக்கு: அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஏழை நாட்டு ஊழியர்களை வைத்து நடந்தது. கொள்ளையர் விட்டுவிடவில்லை, வைத்துக்கொண்டார்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் எட்டு இலங்கை ஊழியர்களோடு ‘ஆரிஸ் 13’ பிடிபட்டபோது நான்கே நாளில், ஒரு காசும் கொடுக்காமல் விட்டார்கள். அது ஒரு சோமாலிய வணிகருக்காக ஓடும் சரக்கு என்று தெரிந்ததும் அவர்கள் பிடி தளர்ந்தது. கரையில் இருந்த மூத்தோரின் வார்த்தைக்கும் பண்ட்லாந்துப் படைக்கும் அதில் பங்குண்டு. அங்கே அவர்கள் பயப்படும் ஆட்கள் கரையில்தான் இருக்கிறார்கள்.

நீலக்கொடி

போசன் ஐயா, திருகோணமலையார், இருவரும் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘ஆஸ்பால்ட் வெஞ்சர்’. 2010 செப்டம்பரில் பிடிபட்டது, 15 பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் கொடுக்கப்பட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு எட்டுப் பேரை மட்டும் விட்டார்கள். இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஆட்களை விட்டால்தான் மீதி ஏழு பேர் என்றார்கள். அந்த ஏழு பேர் 2014 அக்டோபர் இறுதியில்தான் வெளியே வந்தார்கள். கொள்ளையனிடம் ரசீதா வாங்க முடியும்? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய போசன்

என்னிடம் பதில் இல்லை, தம்பி. அந்தச் செய்தி வந்த அன்று நான் கடலில் இருந்தேன். எங்கள் மெஸ்ஸில் யாரும் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அதுவரைக்கும் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம், பணம் வந்தால் விடுவார்கள் என்பதுதான். கொள்ளையனுடைய வாக்கை நம்பிப் பிழைப்பு நடத்தியிருக்கிறோம் என்று அன்றுதான் புரிந்தது.

ஆனாலும் எட்டுப் பேர் வந்தார்கள். நீ அந்த எட்டில் ஒருவன் வீட்டுக்குப் போய், கொடுத்தது தவறு என்று சொல்லிப் பார். நானும் உன்னோடு வந்து வாசலில் நிற்கிறேன், உள்ளே வர மாட்டேன்.

முட்டம்

துப்பாக்கிக் காவலர் வந்தார்கள், கொள்ளை குறைந்தது என்று போசன் அண்ணாச்சி எழுதியது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. 2012 பிப்ரவரி 15 அன்று ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கேரளக் கடலில் ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் எங்கள் குமரி மாவட்டத்துப் பையன். 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. நாங்கள் கப்பலைப் பார்த்தால் கையாட்டுவோம், வலை கிடக்கிறது, விலகிப் போ என்று. அதன் பிறகு சில காலம் கையாட்டவே பயந்தோம்.

பழைய போசன்

நீ சொன்னது நியாயம். அன்று எங்கள் பக்கத்தில் ஓடிவந்த இரண்டு படகுகளும் மீன்பிடிப் படகுகளாக இருந்திருக்கலாம் என்று எழுதினேனே. எங்களிடம் அன்று துப்பாக்கி இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உப்பளத்தான் ஊரிலேயே 2013இல் ‘சீமேன் கார்டு ஓகியோ’ என்ற காவலர் கப்பலைப் பிடித்து, 35 பேரையும் உள்ளே வைத்து, தண்டனை கொடுத்து, 2017இல்தான் மதுரைக் கிளை விடுதலை செய்தது. காவலுக்கு வந்தவர்களும் நான்கு ஆண்டு திண்டாடினார்கள். இந்தக் கடலில் யாருக்கும் சுத்தமான கை இல்லை.

தம்பி உப்பளத்தான், நீ கேட்டதற்கு என் பதில் இது: ஆள் உள்ளே இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பது சரி என்று நான் சொல்லவில்லை. உன் பெரியப்பாவிடம் சொல், அவர் கேட்கும் சட்டத்தை முதலில் முள்கம்பிக்கும் வேகத்துக்கும் காவலுக்கும் போடட்டும். அதற்குக் கப்பல்காரன் செலவழிக்காமல், பிறகு கொள்கை பேசினால் நான் ஏற்க மாட்டேன்.

அண்ணனைக் கேட்டுக்கொள்ள வேண்டியது சில உண்டு. 2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலில் கொள்ளையர் பயத்துக்காகக் குறித்திருந்த ‘உயர் ஆபத்துப் பகுதி’யை நீக்கிவிட்டார்கள். பதினொரு மாதம் கழித்து ‘ருயென்’ போனது. ஆகவே கப்பலில் முள்கம்பி இருக்கிறதா, காவலர் ஏறுகிறார்களா, இன்ஜின் ரூம் பக்கம் உள்ளே பூட்டிக்கொள்ளும் அறை தயாரா, அதில் தண்ணீரும் சாட்டிலைட் போனும் இருக்கிறதா என்று இப்போதே கேட்கச் சொல். பிடிபட்டாலும் சம்பளம் நிற்கக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2020 டிசம்பர் 26 முதல் விதி வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கட்டும். கப்பலுக்கு இன்சூரன்ஸ் யார் என்று கேட்கட்டும். சிரித்தால் சிரிக்கட்டும், கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. நெருங்கிய உறவினர் படிவத்தில் யாருடைய போன் எண்ணைக் கொடுத்திருக்கிறான்?

உப்பளத்தான், தூத்துக்குடி

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ‘ஆல்பிடோ’ வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 51 நாள் பேரத்தில் 41.5 லட்சம் மிச்சம் என்ற இடத்தில் மட்டும், “நல்ல மேலாளர்” என்றார். அம்மா முறைத்தார்.

அண்ணன் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முள்கம்பி உண்டாம், உள் அறை உண்டாம். காவலர் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். சம்பள விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது, பதினான்காம் பக்கத்தில்.

படிவத்தில் அம்மாவின் எண்தான் இருந்தது. நேற்று மாற்றிவிட்டோம். இப்போது என் எண் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

பழைய போசன்

நல்லது. இரவில் போனை அணைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு.